குற்றாலம் போய்ப் பாறையைப் பார்த்த கதை
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சுற்றுலா போய்வந்த குழுக்களைக் கேட்டால், "குற்றாலமா? வெறும் பாறைதான்க்கா"ன்னு சலிச்சுக்கிறாங்க. குற்றாலம் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். சித்தாற்றுக்குத் தண்ணீர் வருவதோ தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஐப்பசி, கார்த்திகையிலும் அருவி விழும். அந்தச் சாரல் மட்டும் இருக்காது. கூலியில் மிச்சம் பிடித்து வேனுக்குக் கட்டிய காசு நம்முடையது. ஏமாற்றம் எல்லாம் ஏற்பாடு செய்த ஊக்குநர் தலையில்தான் விழுகிறது. அடுத்த வாரக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவதில்லை, சந்தாவும் வருவதில்லை.

சீசனில் போனாலும் குளிப்பது நிச்சயமில்லை. மலைமேல் கனமழை என்றால் தடை போட்டுவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே"ன்னு காவலரிடம் மல்லுக்கு நிற்காதீங்க. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை கீழே இறங்கும்.

கொடைக்கானலில் குறிஞ்சிப்பூ காட்டுகிறேன் என்று யாராவது வேன் பேசினால் சிரித்துவிட்டு வாங்க. அங்கே அது 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான்.

ஆடியில் கிளம்பும் குழுக்கள் வேனுக்கு முன்பணம் கொடுக்கும்முன் தென்காசிப் பக்கம் தெரிந்தவர் யாருக்காவது ஒரு போன் போடுங்க. கிளம்புகிற முதல்நாள் ராத்திரி இன்னொரு தடவையும் கேளுங்க.