கயிறு யார் கையில்?

எதிரே ஒரு லாப்ரடார் வருகிறது. நாம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறோம். "ஒண்ணும் பண்ணாது சார்" என்கிறார் வளர்ப்பவர். கயிறு அவர் தோளில் கிடக்கிறது! பண்ணாது என்று அவருக்குத் தெரியும், நமக்கு? நம்மில் ஒருவர் சின்ன வயசில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவராக இருக்கலாமே!

விளக்கம் வேண்டாம். வளர்ப்பவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயைத் தன் மறுபக்கம் மாற்றிக்கொண்டால் போதும். பயப்படுகிறவர் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். உற்றுப் பார்க்காமல் நின்றுவிடலாம்.

ஆபத்து விளைவிக்கக்கூடிய பிராணியைத் தெரிந்தோ கவனக்குறைவாகவோ கட்டுப்படுத்தாமல் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு.

அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அங்கே நாய்க்காரர்தான் அடுத்த நடைக்குக் காத்திருக்கணும்.