ஒருத்தருக்கு ஒரே எண்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கணக்குக் குழுவினர் பேசியது)



போன வருஷம் நம்ம உறுப்பினர் ஒருத்தர், மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் கேட்டாங்க. கம்ப்யூட்டரில் பார்த்தோம். பழைய கடனில் ஆறு தவணை பாக்கி என்று காட்டியது. "இல்லக்கா, நான் முழுசும் கட்டிட்டேன்" என்று அழுதாங்க. பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், அவங்க சொன்னதுதான் நிஜம். நாங்கள் கணக்கைத் தேடி முடிப்பதற்குள் பீஸ் கட்டும் நாள் வந்துவிட்டது. நகையை அடகு வச்சுத்தான் மகளைச் சேர்த்தாங்க. தவறு எங்களுடையது.

எப்படி நடந்தது? எல்லா விவரத்தையும் ஒரே பெரிய அட்டவணையில் வைத்திருந்தோம். ஒவ்வொரு தவணை வரவுக்கும் உறுப்பினர் பெயர், கணவர் பெயர், குழு, போன் நம்பர் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப டைப் செய்தோம். ஒரு மாசம் 'லட்சுமி', மறு மாசம் 'லெட்சுமி', இன்னொரு மாசம் 'லக்ஷ்மி'. நமக்கு மூணும் ஒருத்தர்தான். கம்ப்யூட்டருக்கு மூணு பேர். கட்டிய ஆறு தவணையும் வேறு பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதற்கு வழி நம்ம செட்டிநாட்டிலேயே இருக்கு. அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதுவாங்க. பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவாங்க. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணமான தம்பதி, தங்கள் கோயிலில் ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அது தனிப் புள்ளி. கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, எண்ணால் இணைக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் எழுதினார்.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் பழைய கணக்கை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்து பீரோவில் பூட்டினோம். குழு, உறுப்பினர், சேமிப்பு, கடன், தவணை என்று ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தோம். பெயரும் போன் நம்பரும் உறுப்பினர் அட்டவணையில் மட்டும். மற்ற இடங்களில் அவங்களுடைய எண் மட்டும். போன் நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

மாற்றும்போது எந்தத் தொகையிலும் கை வைக்கவில்லை. பழைய மொத்தமும் புது மொத்தமும் பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகே, ஒவ்வொரு பிழையாக ரொக்கப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினோம். அதனால் நோட்டு எழுதுவதை எந்தக் குழுவும் நிறுத்தக் கூடாது. கம்ப்யூட்டர் தடுமாறினால் சாட்சி சொல்வது நோட்டுதான்.

ஒரு தடவை அடுக்கினால் போதாது, சகோதரிகளே. அஞ்சறைப் பெட்டியில் கடுகு இடத்தில் சீரகம் விழுந்தால் அன்றைக்கே எடுக்கிறோம் இல்லையா? அதுபோலத்தான். இனி:

* உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ பெயரை அழிக்க மாட்டோம். 'விலகினார்', 'காலமானார்' என்று தேதியோடு குறிப்போம். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். அழித்தால் அவங்க சேமிப்பும் கடனும் யாருடையது என்றே தெரியாமல் போகும்.

* ஒரே ஆளை இரண்டு முறை சேர்க்காதிருக்க, புதுப் பெயர் ஏற்றும் முன் பழைய பட்டியலில் தேடுவோம்.

* மாதா மாதம் நகல் எடுப்போம். ஆதார், வங்கிக் கணக்கு எண் இருப்பதால் கண்ட கண்ட போனுக்கும் அனுப்ப மாட்டோம்.

* ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் மாதக் கூட்டத்தில் பட்டியலை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் தன் பாக்கி எவ்வளவு என்று காதில் விழணும்.

அந்தச் சகோதரிக்குப் பிறகு கடன் கொடுத்தோம், நகையையும் மீட்டுட்டாங்க. ஆனால் அடகுக்குக் கட்டிய வட்டி போனது போனதுதான். அது நம் தப்புக்கு அவங்க கட்டிய அபராதம். இன்னொருத்தர் கட்டக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் பாஸ் புத்தகத்தோடு வாங்க.