மரண ஊசியும் மருத்துவர் கடமையும்



மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வள்ளுவர் வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சில மாகாணச் சிறைகளிலே ஓர் அறை உண்டு. அங்கே கட்டில் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஊசி குத்த ஆள் இருக்கிறது, இதயத் துடிப்பைக் காட்டும் கருவியும் இருக்கிறது. நோய் ஒன்றுதான் இல்லை. கட்டிலில் வாரினால் பிணிக்கப்பட்டுக் கிடப்பவன் மரண தண்டனை பெற்ற கைதி. அந்த அறையில் மருத்துவருக்கு என்ன வேலை என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

தூக்குக்குப் பதிலாக ஊசி என்னும் யோசனையை, 1949 முதல் 1953 வரை ஆராய்ந்த பிரிட்டிஷ் அரச விசாரணைக் குழு ஏற்கவில்லை. தம்மவர் எவரும் அதற்குக் கை கொடுக்கலாகாது என்று அந்நாட்டு மருத்துவர் சங்கமும் அக்குழுவிடம் கூறிற்று. அமெரிக்காவிலோ 1977-இல் ஓக்லஹோமா மாகாணம் ஊசியைச் சட்டமாக்கியது. முறையை வகுத்துக் கொடுத்தவர் அம்மாகாணத்தின் தலைமைப் பிணப் பரிசோதகரான ஜே சாப்மன் என்னும் மருத்துவர். 1982 டிசம்பர் 7-ஆம் நாள் டெக்ஸாஸில் முதன்முதலாக அம்முறையில் ஓர் உயிர் போயிற்று.

அம்முறையில் முன்பு மருந்துகள் மூன்றாக இருந்தன. முதலாவது தயோபென்டால், அது நினைவை மறக்கச் செய்வது. இரண்டாவது பான்குரோனியம், தசைகளைச் செயலற்றதாக்கி மூச்சை நிறுத்துவது. மூன்றாவது பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்துவது. இவற்றுள் இரண்டாவதைப் பற்றிச் சிறிது நின்று எண்ண வேண்டும். முதல் மருந்து போதிய அளவு உடலில் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைதிக்கு நினைவு இருக்கும், மூச்சுத் திணறும், மூன்றாவது மருந்து குழாய்தோறும் நெருப்பாய் எரியும். ஆனால் அவனால் இமையை அசைக்கவும் இயலாது, முனகவும் இயலாது. கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சாட்சிகளுக்கு அது நிம்மதியான உறக்கமாகவே தோன்றும். அப்படியானால் அந்த மருந்து யாருக்காக? பார்ப்பவர்களின் மனச்சாந்திக்காக என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. நாயையோ பூனையையோ வலியின்றி மாய்ப்பதற்குக்கூட இத்தகைய தசை முடக்கும் மருந்தை மயக்க மருந்துடன் கலந்து செலுத்தலாகாது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் விலக்கியிருக்கிறது!

மருந்து சரியாக இருந்தாலும் அதைச் செலுத்தும் கை தேர்ந்ததாக இருக்கவேண்டும். 2009-இல் ஒஹையோவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரு கைதியின் கைகால்களில் இரத்தக் குழாயைத் தேடிக் குத்தினார்கள், கிடைக்கவில்லை. அவனைத் திரும்ப அறைக்கு அனுப்பினார்கள். அவன் 2020-இல் சிறையிலேயே இறந்தான். 2014 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் மற்றொருவனுக்குத் தொடை இடுக்கில் குத்திய ஊசி நிலைகொள்ளவில்லை. மருந்து சதையிலே கசிந்தது. குத்திய இடத்தைத் துணியால் மூடியிருந்தமையால் எவரும் உடனே அறியவில்லை. உயிர் பிரிய 43 நிமிடங்கள் ஆயின. அந்த அறையில் மருத்துவர் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1980 முதலே இதில் மருத்துவர் பங்கு கொள்ளலாகாது என்று விதித்திருக்கிறது. ஊசி குத்தும் இடத்தைத் தேர்வதும், மருந்தின் அளவைக் குறிப்பதும், நாடியைக் கவனிப்பதும் பங்கு கொள்வதே ஆகும். பிறரொருவர் இறந்தான் என்று அறிவித்த பின் சான்று எழுதலாம், தண்டனைக்குக் காத்திருப்பவன் கேட்டால் அவன் துன்பத்துக்கு மருந்து தரலாம், அவ்வளவே. உலக மருத்துவச் சங்கம் 1981-இல் இதையே வற்புறுத்தியது. மயக்க மருந்து நிபுணர் எவரேனும் பங்கு கொண்டால் தான் வழங்கிய தகுதிச் சான்றைப் பறிக்க நேரும் என்று அத்துறையின் தேர்வு வாரியம் 2010-இல் அறிவித்தது. எனினும் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் தருவது மாகாண சர்க்கார். பல மாகாணங்கள் பங்கு கொள்பவரின் பெயரையே சட்டத்தால் மறைக்கின்றன.

தண்டனை எப்படியும் நடக்கத்தான் போகிறது. தேர்ந்த கை இருந்தால் வலியாவது குறையுமே என்பார் உண்டு. எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று இது. ஆனால் 2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். கைதி மயக்கத்தில்தான் இருக்கிறானா என்று பார்க்க, நீதிமன்ற ஆணைப்படி இரண்டு மயக்க மருந்து நிபுணர்கள் முன்வந்தனர். அவன் விழித்துக்கொண்டால் தாங்களே தலையிட நேரும் என்று அறிந்ததும் இருவரும் விலகிவிட்டனர். அங்கே தலையிடுவதென்பது அவனைக் காப்பதன்று. மேலும் மருந்து செலுத்துவது. தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப்பின் அம்மாகாணம் எவருடைய தண்டனையையும் நிறைவேற்றவில்லை. அவ்விருவர் கண்டுகொண்ட எல்லை சரியானதே என்பது என் கருத்து.

நம் நாட்டுக்கு இது அயலார் கதையாக மட்டும் இருந்ததில்லை. தூக்குடன் ஊசியையும் ஒரு மாற்று முறையாகச் சேர்க்கலாம் என்று இந்தியச் சட்டக் கமிஷன் 2003-இல் தன் 187-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023-இல் இயற்றிய புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் தூக்கையே வைத்துக்கொண்டது. உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் தொலைவிலுள்ள நகரங்களில் மருத்துவமும் செவிலியர் தொழிலும் பயில்கிறார்கள். அந்தப் பரிந்துரை சட்டமாகியிருந்தால், ஒரு விடியற்காலையில் கைதியின் கையில் இரத்தக் குழாயைத் தேடும்படி சிறை அதிகாரி அவர்களில் ஒருவரைத்தான் அழைக்க வேண்டியிருந்திருக்கும்.