பேர் ஏறிருச்சா?



தம்பி தன் தாயார் பெயரில் நிறுவியிருக்கும் இந்த அறக்கட்டளையின் அழைப்பிதழ் உங்கள் கையில் இருக்கிறது, அதில் அந்தத் தாயாரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரை நான் இந்த உரையில் சொல்லப்போவதில்லை. எனக்கு அவர் பெரியம்மா, என் அப்பாவின் அண்ணன் மனைவி. அப்படியே கூப்பிட்டு வாய் பழகிவிட்டது. ஆனால் ஒரு பெண்ணின் பெயரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கிடக்கும் பூமியை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிக் கண்மாய் பெருகினால் வெள்ளாமை. இல்லையென்றால் கரிமூட்டம். குண்டாற்றில் தண்ணீர் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணும் ஆண்டுகள் உண்டு. இந்த மண்ணிலிருந்து பையன்கள் பட்டாளத்துக்குப் போனதற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம், வெடித்த கரிசல் இன்னொரு காரணம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் போனவர்களுக்கு நாம் செய்யும் நியாயம். கணவனை இழந்த தாய் பிள்ளைகளை ஆளாக்குவதும் இந்த ஊர் அறியாதது அல்ல. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது தகப்பனார் போனார். குடும்பம் மதுரைக்கும் மானாமதுரைக்குமாகப் பிரிந்தது. மகரிஷியைத் தேடி உலகமே வந்தது. தாயார் அழகம்மாள் அந்த ஆண்டுகளை எப்படிக் கடத்தினார் என்று கேட்டவர்கள் குறைவு.

பெரியப்பா 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் இறந்தார். 3ஆம் தேதி தொடங்கி 16ஆம் தேதி முடிந்த போர் அது. பெரியம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பையனுக்கு இரண்டு. தந்தி வந்தது, உடல் வரவில்லை. முனையில் விழுந்தவர்களை அங்கேயே எரித்துவிடுவதுதான் அன்றைக்குப் பெரும்பாலும் நடைமுறை. சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்து இறங்குவதைத் தமிழ்நாடு பார்த்தது 1999 கார்கில் போரின்போதுதான். எங்கள் ஊருக்கு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி. கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் எழுதியிருந்தது. மாட்டுவண்டியில் வந்த அந்தப் பெட்டியை இறக்கியபோது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உடல் இல்லாமல் காரியம் செய்வது எப்படி என்று பெரியவர்கள் யோசித்து, கடைசியில் அந்தப் பெட்டியை நடுவீட்டில் வைத்தே செய்தார்கள்.

உள்ளே இருந்தவை எனக்கு இன்றும் வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு செட் உடுப்பு, ஒரு கம்பளி ஸ்வெட்டர், முகம் மழிக்கும் சாமான், அலுமினியத் தட்டு, பாதி தேய்ந்த சிவப்பு லைஃப்பாய் சோப்பு ஒன்று. சோப்பை எடுத்த என் பாட்டி அதைத் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கப் போனார். மகன் கை பட்ட சோப்பு அல்லவா. பெரியம்மா அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் வாசலில் பலகை போட்டு, பையனை உட்காரவைத்து, அந்தச் சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டினார். கரைந்து தீரும்வரை அதே சோப்புதான். ஊரில் சிலர் இதைக் கல்நெஞ்சு என்றார்கள். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. என் பிள்ளைகளை நான் குளிப்பாட்டிய வயதில்தான் புரிந்தது. தகப்பன் கை பட்ட கடைசிப் பொருள் பிள்ளையின் உடம்பில் போய்ச் சேரட்டும் என்று நினைத்திருக்கிறார். ஸ்வெட்டரைப் பிரித்துப் பையனுக்குச் சின்னதாகப் பின்னித் தரச் சொன்னதும், பெட்டியில் விதைக் கம்பு கொட்டிவைத்ததும் அதே மனசுதான். அவர் எதையும் பூஜையில் வைக்கவில்லை, எல்லாவற்றையும் புழங்கினார்.

பென்ஷன் கதைக்கு வருகிறேன். அந்தப் போரில் இறந்தவர்களின் மனைவியருக்காக 1972 பிப்ரவரியில் இந்திய அரசு குடும்ப ஓய்வூதிய விதிகளைத் தாராளமாக்கியது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பெரியம்மாவுக்கு இரண்டு பெயர். அவர் தகப்பனார் வைத்த குலசாமிப் பெயர் ஒன்று, ஊரில் எல்லாரும் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. பெரியப்பா பட்டாளத்தில் எழுதிக் கொடுத்தது முதல் பெயர். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் இருந்தது இரண்டாவது பெயர். வடக்கே ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் படித்துச் சொன்னார். இருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டிருந்தார்கள்.

அதற்கு மூன்று வருஷம் ஆனது. கிராம முன்சீப், கர்ணம், அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸ், பிறகு மதுரை. அன்றைக்கு நாம் ராமநாதபுரம் மாவட்டம், ஆனால் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். நம் மாவட்டம் பிரிந்தது 1985இல்தான். பருத்தி எடுக்கப் போகும் கூலியில் பஸ்ஸுக்குச் சில்லறை சேர்த்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் மனு எழுத நானும் கூடப் போவேன். அனுப்புநர், பெறுநர் என்று மனு எழுதப் பழகியது அவருக்காகத்தான். ஒரு நாள் சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: “நான்தான் நான்னு நாலு ஊர்ல போய்ச் சொல்லணுமாம்யா.” அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மடியில் தூங்கிய பையனின் காலில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

வீரன் மனைவியின் பெயர் எங்கே இருக்கிறது என்று பிற்காலத்தில் நான் தேடத் தொடங்கியதற்கு அந்த வார்த்தைதான் காரணம். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்து வெட்டிய நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் ஊரும் பேரும் அதில் ஒரு கல்லில் இருக்கின்றன. அவனுக்காக அழுதவள் பேர் இல்லை. புறநானூற்றில் சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரைச் சேர்ந்த மாசாத்தியார் ஒரு தாயைப் பாடினார். தந்தையையும் கணவனையும் போரில் கொடுத்த அவள், போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மேடைதோறும் அதைச் சொல்லி நாம் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தாய்க்கும் பெயர் இல்லை. மகன் போனபின் அன்று இரவு அவள் என்ன செய்தாள் என்பதும் பாட்டில் இல்லை. பாடலின் அழகு அந்த இடத்தில் நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை அங்கே நிற்பதில்லை.

பெரியம்மா மகனை அனுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சுதந்திர தின விழாவில் அவனைத் தனியாக மேடையில் உட்காரவைத்து மாலை போட விரும்பினார்கள். நல்லெண்ணம்தான். பெரியம்மா வாத்தியாரைப் போய்ப் பார்த்தார். “அவன் மூணாங் கிளாஸ் பிள்ளைகளோடயே நிக்கட்டும் சார். மாலைய அவங்க அப்பா படத்துக்குப் போடுங்க.” ஒரு பிள்ளையின் தோளில் செத்துப்போன தகப்பனை ஏற்றிவைக்கக் கூடாது என்று படிக்காத ஒரு பெண் கண்டுகொண்டிருந்தார். அவர் குணத்தில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இது. வீட்டில் தகப்பன் பேச்சு எடுக்காமல் இருந்ததில்லை. அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், நீச்சல் தெரியாது, சீட்டாட்டத்தில் கோபம் வரும் என்று சாதாரணமாகச் சொல்வார். பையனுக்குக் கிடைத்தது கோபமும் ருசியும் உள்ள ஒரு மனுஷன்.

மறுமணப் பேச்சும் வந்தது. எங்கள் பக்கத்தில் பல சமூகங்களில் அறுத்துக் கட்டுவது வழக்கத்தில் உண்டு, ஊர் அதைத் தடுக்கவில்லை. கட்டினால் பென்ஷன் நின்றுவிடும் என்பதுதான் எல்லார் வாயிலும் இருந்தது. அவர் வேண்டாம் என்றதற்கு என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஒரு செய்தியை இந்த அவையில் பதிவு செய்ய வேண்டும். வீர விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், இறந்தவரின் உடன்பிறந்தவனை மணந்தால் மட்டுமே விருதோடு வரும் மாதப்படி தொடரும் என்ற நிபந்தனை 2017 நவம்பர்வரை இருந்தது. கொழுந்தனைக் கட்டினால் காசு, வேறு யாரைக் கட்டினாலும் இல்லை! நாட்டுக்காகக் கணவனைக் கொடுத்தவளை ஒரு வீட்டுச் சொத்தாக எழுதிய விதி அது. நீக்கியதற்கு நன்றி சொல்வோம். அதுவரை எத்தனை பெண்களின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் அடைபட்டது என்பதையும் நினைப்போம்.

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ். பத்து வயதை ஒட்டிய இரண்டு பிள்ளைகள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோதும் அவரால் வர முடியவில்லை. மறு ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அவர் மனைவி வீர் சக்ராவை வாங்கிக்கொண்ட காட்சியை டிவியில் பார்த்தேன். அறிவிப்பாளர் பழனியின் தீரத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் நேராகப் பார்த்தபடி நின்றார். நான் அவர் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கை நாளைக்குப் பள்ளிக்கூடப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வங்கியில் ரேகை வைக்க வேண்டும். அதே கல்வானில் இறந்த பீகார் ரெஜிமென்ட்டோடு பணியாற்றிய நாயக் தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங், சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்று 2023 ஏப்ரலில் லெப்டினன்ட்டாக வெளிவந்தார். படையில் இறந்தவர்களின் மனைவியருக்கு அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கல்லூரி மாணவியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் பணி. அதில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீட்டுத் தொகை உண்டு, கடமையில் போனால் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு. மாதாமாதம் ஆயுள் முழுக்க வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. அங்கே மனைவி இல்லை, தாய்தான் இருப்பாள். ஒரே தடவையில் கைக்கு வரும் பெரும் பணம் எங்கள் சீமையில் எப்படிக் கரையும் என்பது எனக்குத் தெரியும். கடன் கேட்டு வருபவர் எத்தனை பேர், பங்கு கேட்டு வருபவர் எத்தனை பேர்! பெரியம்மாவைக் காப்பாற்றியது மாதம் பிறந்தால் தவறாமல் வந்த அந்தச் சிறு தொகைதான். கருவூலத்தில் வாங்கி, அன்றைக்கே செலவை முடிச்சு முடிச்சாகச் சேலை முந்தியில் பிரித்துக் கட்டிவிடுவார். அந்த ஊரில் தன் பேரில் மாதச் சம்பளம் மாதிரிப் பணம் வாங்கிய முதல் பெண் அவர். கைமாற்றுக்கு ஆண்களே அவரிடம் வந்து நின்றார்கள். அந்த மரியாதையை அவர் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

தம்பி பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்புக்கு ஓடித் தேர்வாகி வந்தபோது அடுப்படியிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: “ஒனக்குப் புடிச்சுப் போறியா, அப்பாவுக்காகப் போறியா?” பிடித்துத்தான் போகிறேன் என்றான். விதைக் கம்பைச் சாக்கில் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்து, வெள்ளைப் பெயின்ட் வாங்கிவரச் சொன்னார்.

கார்கில் சமயத்தில் அவன் காஷ்மீரில் இருந்தான். பக்கத்து வீட்டு டிவியில் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகள் இறங்குவதைப் பெரியம்மா தினமும் போய்ப் பார்த்தார். ஏன் பார்க்கிறீர்கள், வேண்டாம் என்றேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “இப்பெல்லாம் ஆளக் கொண்டாந்து குடுத்துர்றாங்கய்யா.” இருபத்தெட்டு வருஷம் அவர் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஏக்கம் அது. தம்பி பத்திரமாக வந்தான். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி முதல் லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பிய மாதம். எஸ்டிடி பூத்திலிருந்து அவன் போன் செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து காத்திருப்பார். சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டார்: “அவ பேரு ரெக்கார்டுல ஏறிருச்சா?” அடுத்த வாரமும் அதே கேள்வி. நான்காம் வாரம் ஏறிவிட்டது என்றான். வாயால் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நகல் எடுத்து அனுப்பச் சொன்னார்.

நகல் பதிவுத் தபாலில் வந்தது. மருமகளின் ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்றையும் திண்ணையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றிலும் ஒரே பேர், ஒரே எழுத்து. அந்தப் பேருக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, “இன்னொருக்க வாசிய்யா” என்றார்.

வாசித்தேன்.