கற்பனை உலகில் அடிபடுவது யார்?



அறிவியல் புனைகதைக்கும் மிகைபுனைவுக்கும் நம்மிடையே எழுதப்படும் மதிப்புரைகளில் பல, இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. இதெல்லாம் நடக்குமா என்பது ஒன்று. விறுவிறுப்பாகப் போகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வி நாவலை ஜோசியமாக்குகிறது. இரண்டாவது அதை ரயில் பயணத்துக்கான பொழுதுபோக்காக்குகிறது. நான் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். எழுத்தாளர் ஓர் உலகத்தைப் படைத்து அதற்கென்று ஒரு சட்டம் வைக்கிறாரே, அந்தச் சட்டம் யார் முதுகில் விழுகிறது?

நமக்குத் தெரிந்த நாவலையே எடுத்துக்கொள்வோம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ என்றதும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் எல்லோருக்கும் நினைவில் வரும். வரட்டும். ஆனால் அந்த நாவலில் வரும் நாட்டில் பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு பெண்ணுக்கு அரசின் அனுமதி வேண்டும். அங்கேதான் நிலா என்ற பெண் காணாமல் போன தன் கணவனைத் தேடி அலைகிறாள். நாயின் சாமர்த்தியத்தை மெச்சிவிட்டு நிலாவை மறந்துவிடும் மதிப்புரை பாதி நாவலைத்தான் படித்திருக்கிறது.

இப்போது அமெரிக்க எழுத்தாளர் என். கே. ஜெமிசினிடம் வருகிறேன். 2015-இல் அவருடைய ‘தி ஃபிஃப்த் சீசன்’ வெளிவந்தது. அதுவும் அதன் தொடர்ச்சியான இரண்டு பாகங்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதைப் பெற்றன. அதற்கு முன் எவரும் அப்படிப் பெற்றதில்லை. ஆனால் விருதுக்காக நான் இந்த நாவலைச் சொல்லவில்லை.

ஓயாமல் நிலம் நடுங்கும் ஒரு கண்டம். அவ்வப்போது வானம் சாம்பலால் மூடி, பயிர் பொய்த்து, பேரரசுகளே சரிந்துபோகும். அந்த மண்ணில் சிலர் நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றலோடு பிறக்கிறார்கள். அவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? அந்தச் சமூகம் அவர்களை வெறுக்கிறது, இழிபெயர் சொல்லி அழைக்கிறது. ஊரார் கையில் அகப்பட்டால் கொலை. பேரரசின் கையில் அகப்பட்டால் வாழ்நாள் முழுவதும் ஊழியம். டமாயா என்ற சிறுமியை அழைத்துப் போகும் காவலன், அன்பாகப் பேசிக்கொண்டே அவள் கையை உடைக்கிறான். வலியிலும் அவள் தன் ஆற்றலைக் கட்டுப்படுத்துகிறாளா என்று பார்க்கும் சோதனை அது! அதைவிடக் கொடியது பின்னால் வருகிறது. நடுக்கங்களை அடக்க நாடெங்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே யார் இருக்கிறார்கள்? மூளை சிதைக்கப்பட்டு, நாற்காலியில் கட்டப்பட்டு, தன்னினைவே இல்லாமல் நடுக்கத்தை அடக்குவதற்காக மட்டும் உயிரோடு வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகள்.

யாருடைய ஆற்றலில் ஒரு நாடு நிற்கிறதோ அவர்களையே அது மனிதராக மதிப்பதில்லை. கறுப்பினப் பெண்ணான ஜெமிசின் எழுதியதில் அடிமை வரலாற்றின் வலியை அமெரிக்க வாசகர் உடனே உணர்வார். இந்த அவையில் இருப்பவர்களுக்கும் அந்த வலி அந்நியமாக இராது.

அவர் கதையைச் சொல்லும் முறையையும் கவனிக்க வேண்டும். மூன்று பெண்களின் கதை மாறி மாறி வருகிறது. அவர்களில் எஸ்ஸனின் கதை மட்டும் ‘நீ’ என்று விளித்தே சொல்லப்படுகிறது. சின்ன மகனைப் பெற்ற தகப்பனே அடித்துக் கொன்றுவிட, அந்த உடலின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எஸ்ஸன். ‘நீ’ என்று சொன்ன பிறகு நாம் அவளைத் தள்ளி நின்று பார்க்க முடிவதில்லை. அந்த மூவருக்கும் என்ன தொடர்பு என்பதை நீங்களே படித்து அறிந்துகொள்ளுங்கள். மதிப்புரை எழுதுகிறவர் அதைப் போட்டு உடைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

சட்டம் யார் முதுகில் விழுகிறது என்ற கேள்வியைச் சீன எழுத்தாளர் லியூ சிஷின் முன்னும் வைப்போம். மின்நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர் அவர். அவருடைய ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’ 2015-இல் ஹியூகோ வென்றது. மூன்று சூரியன்களுக்கிடையே சிக்கிய ஒரு கிரகத்தை அவர் காட்டும் விதம் பிரமிக்க வைக்கிறது. மனிதர்களோ பெரும்பாலும் காகித உருவங்கள். யே வென்ஜியே ஒருத்திதான் விதிவிலக்கு. கலாச்சாரப் புரட்சியின்போது தன் தந்தை அடித்துக் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்டவள், பின்னாளில் வேற்றுலகத்தாரைப் பூமிக்கு அழைக்கிறாள். 2008-இல் வந்த சீன நூலில் அந்தக் கொலை நடுப்பகுதியில் இருந்தது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஆசிரியரின் சம்மதத்தோடு, அது நூலின் முதலுக்கு வந்தது. முதலிலேயே அதைப் படிப்பவருக்கு யே வென்ஜியேயின் துரோகம் வேறு கனத்தோடு தெரியும். எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று மதிப்புரையில் சொல்ல வேண்டியது இதனால்தான்.

நமக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு நாவல் வந்திருக்கிறது. இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’, 2023-இல் வெளியாகி நெபுலா விருது பெற்றது. பிறந்தவுடனே ஒரு குழந்தையின் நிழலைத் தாய் பிய்த்தெறிகிறாள். மகான் என்று உலகம் வணங்கும் தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். வளர்ந்து அவன் வந்து சேரும் நகரத்தில் மனிதர்களை இனம், சாதி என்று பிரித்து வைக்கும் ஆவணங்கள் இருக்கின்றன, முகாம்கள் இருக்கின்றன, வெறிபிடித்த கும்பல்கள் இருக்கின்றன. இலங்கையின் கதை தெரிந்த எவருக்கும் இதில் விளக்கம் தேவையில்லை. முகாம் பகுதி நீண்டுகொண்டே போகிறது, அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அண்மையில் வந்த மிகைபுனைவுகளில் தமிழ் வாசகர் முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்பேன்.

நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவராவது இந்த மேடையில் ஏறி இப்படியொரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். கதைச்சுருக்கத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அந்த உலகத்தின் சட்டத்தால் நசுங்கியவர் யார், எழுத்தாளர் அவர் பக்கம் நின்றாரா என்பதை மீதி நேரம் முழுவதும் பேசுங்கள். கேட்க நாங்கள் வருகிறோம்.