பாடைக்கும் ஒரு பாதை

(மறைந்த கிளைச் செயலாளர் ஒருவரின் படத்திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழரே!

படத்தைத் திறந்து வைத்தேன், மாலை சூட்டினேன். பேசு என்கிறீர்கள். மறைந்தவரின் மாண்பைப் பேசலாம்; ஆனால் அதை என்னைவிட இந்தத் தெரு நன்றாக அறியும். ஆகவே வேறொன்று பேசுகிறேன். மாண்டுபோன மனிதனுக்கு மற்ற மனிதர் ஏன் மரியாதை செய்கிறார்கள்? இது ஒன்றே இன்று என் பேச்சு.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். நாடக மேடையை மட்டும் விடாதவன். அந்த மேடையிலே பலமுறை செத்திருக்கிறேன். கத்திக்குத்தில் செத்திருக்கிறேன், தூக்குக் கயிற்றிலே செத்திருக்கிறேன். திரை விழுந்ததும் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். நாடகச் சாவுக்கு அந்த வசதி உண்டு; நாட்டுச் சாவுக்கு இல்லை.

ஒரு நாடகத்தில் என் பாடையை நால்வர் தூக்குவர். நால்வரும் நான்கு சாதியினர். காட்சி முடிந்ததும் கொட்டகை அதிரக் கைதட்டல் எழும். ஓர் ஊரில், நாடகம் முடிந்த பிறகு முதியவர் ஒருவர் ஒப்பனை அறைக்கு வந்தார்.

"தம்பி, மேடையில எல்லாரும் சேந்து தூக்குனீங்க, பாக்க நல்லா இருந்துச்சு. எங்க தெருவுல ஒருத்தர் செத்தா, இடுப்பளவு வாய்க்கால் தண்ணியில எறங்கித்தான் தூக்கிட்டுப் போறோம். நேர்வழி இருக்கு, அது எங்களுக்கு இல்லையாம்" என்றார்.

கொட்டகையில் கிடைத்த கைதட்டல் அத்தனையும் என் கன்னத்தில் விழுந்த அறையாயிற்று.

உடனிருந்த நண்பர், பகுத்தறிவு பேசுபவர்தான், பிறகு என்னிடம் கேட்டார்: "உயிர் போன உடலுக்கு என்ன தெரியும்? எந்த வழியாய்ப் போனால்தான் என்ன?"

உண்மை! உயிரற்ற உடலுக்கு வாய்க்காலும் ஒன்று, வண்டிப்பாதையும் ஒன்று. ஆனால் தோழரே, பாடை தானாக நடந்து போவதில்லை! படுத்திருப்பவனுக்குத் தெரியாது, தூக்கிச் செல்பவனுக்குத் தெரியும். பின்னால் நடக்கும் பிள்ளைக்குத் தெரியும். "அப்பாவை ஏன் அந்த வழியாகக் கொண்டுபோகக் கூடாது?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், பகுத்தறிவாளரே, என்ன விடை சொல்வீர்? செத்தவனுக்கு வலிக்காது என்பதா விடை?

இறுதிச் சடங்கு இறந்தவனுக்காக நடப்பது அன்று. இருப்பவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உறுதிமொழி. "இவன் எங்களில் ஒருவன், இவன் போனதால் எங்களுக்கு ஒன்று குறைந்தது" என்று ஊர் கூடி ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சி. அந்த ஒப்புதலை மறுப்பதுதான் அவமதிப்பு. அது பிணத்தின்மீது விழுவதில்லை, பிழைத்திருப்போர்மீது விழுகிறது!

கி.மு. 431. ஏதென்ஸ் நகரம். ஸ்பார்ட்டாவோடு மூண்ட போரின் முதலாண்டில் மாண்ட வீரர்களுக்கு அரசே ஈமக்கடன் நடத்தியது. குலத்துக்கு ஒரு பேழையாகப் பத்துக் குலங்களுக்கும் பேழைகள் சென்றன. கூடவே வெறும் பாடை ஒன்றும் சென்றது. யாருக்காக? உடல் கிடைக்காமலே போனவர்களுக்காக! அன்று பேசிய பெரிக்ளிஸ், இறந்தவர்களைப் பற்றிப் பேசியதைவிட, அவர்கள் எந்த ஊருக்காக இறந்தார்களோ அந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் பேசினார் என்று துசிடைடிஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏதென்ஸிலும் அடிமைகள் இருந்தார்கள்; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கிடைக்காத உடலுக்கும் ஓர் இடம் ஒதுக்கிய அந்த மனத்தை மறக்கவும் முடியவில்லை.

அமெரிக்காவுக்கு வாருங்கள். 1955, ஆகஸ்ட். எம்மெட் டில், வயது 14, சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினச் சிறுவன். மிசிசிப்பி மாநிலத்தில் உறவினர் வீட்டுக்குப் போனவனை வெள்ளையர் கடத்திச் சென்று, அடித்து, சுட்டு, ஆற்றிலே எறிந்தனர். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தது. பெற்றவள் என்ன செய்தாள்? பேழையை மூடச் சம்மதிக்கவில்லை! திறந்தே வைத்தாள். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தனர். கறுப்பின மக்களின் இதழ்கள் படத்தை வெளியிட்டன. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. நீதிமன்றம் மூடிய வழக்கை அந்தத் திறந்த பேழை நாட்டு மக்கள் முன்னால் வைத்தது. உரிமைப் போரின் வேகம் அதன்பின் வளர்ந்தது. ஒரு தாய் நடத்திய இறுதிச் சடங்கு, ஓர் இனத்தின் எழுச்சிக்கு எரிபொருளாயிற்று.

நம் மண்ணுக்கு வருவோம். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரியா அகழ்ந்தபோது என்ன கிடைத்தது? தாழிகள்! அவற்றோடு மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள். இறந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத மக்கள் நம் முன்னோர். கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டுவதைப் புறநானூறு காட்டுகிறது.

இன்னொன்று கேளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். கால்நடைகளை மீட்கப் போராடி மடிந்த வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் வீரன் மட்டுமா இருக்கிறான்? அவன் நாயும் இருக்கிறது! கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன். பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

நாய்க்குக் கல் நட்டு, பெயர் பொறித்த நாடு இது, தோழரே!

அந்த நாட்டில், 2019 ஆகஸ்டில் என்ன நடந்தது? வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழியில்லை என்று, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்தவர்கள் உறவினர்கள்; கீழே கையேந்தி நின்றவர்களும் உறவினர்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரிந்த நமக்கு, மனிதருக்கு மனிதர் பாலம் கட்டத் தெரியவில்லையே!

சட்டம் இல்லையா? இருக்கிறது. அந்தச் சிகாகோச் சிறுவன் கொல்லப்பட்ட அதே 1955-இல், தீண்டாமைக் குற்றச் சட்டம் இங்கே வந்தது. இடுகாடு, சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயர் பெற்றுக் கடுமையாக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையே வலியுறுத்துகிறது. சட்டம் தாளில் இருக்கிறது. பாடை தண்ணீரில் போகிறது! இடையே உள்ள தூரத்தை யார் கடப்பது? நாம்தான்.

நான் கேட்பது பெரிதல்ல. உங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்கு ஒருநாள் நடந்து பாருங்கள். எத்தனை சுடுகாடு? எத்தனை வழி? எந்தத் தெருவுக்கு எந்த வழி அடைபட்டிருக்கிறது? எழுதி எடுத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். நடக்கவில்லையா? வட்டாட்சியரிடம் செல்லுங்கள், ஆட்சியரிடம் செல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தெருவில் சாவு விழுந்தால், அழைப்புக்குக் காத்திராமல் போய்த் தோள் கொடுங்கள். "நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்கினால், கழுத்திலே போட்ட கட்சித் துண்டு வியர்வை துடைக்க மட்டுமே பயன்படும்.

இதோ, இந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் பெரும் பேச்சாளர் அல்லர். சிறை சென்ற தலைவரும் அல்லர். ஆனால் இந்த ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நின்றவர் அவர்தான் என்கிறீர்கள். அதனால்தான், அவர் மறைந்த அன்று எல்லாத் தெருவும் அவரைத் தூக்க வந்தது. நேர்வழியிலேயே தூக்கிச் சென்றது. அன்று திறந்த அந்த வழி, நாளை அடுத்த தெருப் பாடைக்கும் திறந்திருக்க வேண்டும். மாலை வாடிவிடும், தோழரே. அந்த வழி மூடப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் இறுதி மரியாதை.