வானத்துப் புகையும் சாந்தி பூஜையும்

(தோவாளைக் கூட்டத்தில் பேசியது)



மாசி, பங்குனியில் மலைச்சரிவில் தீப்பிடித்து ஊரில் புகை மண்டிவிட்டால், மலைத் தெய்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது, பொங்கல் வைக்கவேண்டும், சாந்தி செய்யவேண்டும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் புகை எங்கே பிறந்தது, எந்தக் காற்று கொண்டுவந்தது என்று கேட்பவர் மட்டும் இல்லை. நாம் இன்று கேட்பது அதைத்தான்.

காற்று மண்ணைச் சுமப்பது நமக்குப் புதிதா? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகச் செம்மண்ணை வாரிக்கொண்டுபோய்க் கொட்டியதால்தான் கிழக்கே சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள் உண்டாயின. அதே பருவத்தில் அரேபியப் பாலைவனத்துத் தூசி கடல்மேல் நம் பக்கமாக வருவதைச் செயற்கைக்கோள் படமெடுத்துக் காட்டுகிறது.

எப்படியென்றால், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சமமாகச் சுற்றும் கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல நின்று, அரைமணிக்கொரு படம் எடுக்கிறது. படங்களை வரிசையாக வைத்தால் புகை போகும் வழி தெரிந்துவிடும். புகையா, தூசியா என்பதும் தெரியும். புகைத்துகள் மிக நுண்ணியது. சாதாரண வெளிச்சப் படத்தில் தெரியும், வெப்பப் படத்தில் அநேகமாக மறைந்துவிடும். தூசி பருமனானது, வெப்பப் படத்திலும் அகப்பட்டுக்கொள்ளும். மேகம் மூடினால் இரண்டுமே தெரியாது. இதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

இத்தகைய இன்சாட் 3டிஆர் கோளை 2016 செப்டம்பர் 8ந் தேதி ஒரு ராக்கெட் ஏற்றிச் சென்றது. அந்த ராக்கெட்டில் இருந்த கிரயோஜெனிக் ரக எஞ்சின்களைச் சோதிப்பது எங்கே தெரியுமா? இதோ, வடக்கே மகேந்திரகிரியில்! அனுமார் இலங்கைக்குத் தாவியதாகப் புராணக்காரர் சொல்லும் மலை! தாவியதற்கு அத்தாட்சி கேட்டால் கோபம் வருகிறது. எஞ்சினுக்குக் கேட்டால் கணக்கு வருகிறது.

கோளின் படம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2001 ஜூலையில் சங்ஙனாச்சேரிப் பக்கம் சிவப்பு மழை பெய்தபோது, எரிகல் வெடித்த தூளென்று விஞ்ஞானிகளே முதலில் சொன்னார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்த்து, ஒருவகைப் பாசியின் வித்துத்தூள் என்று கண்டு, தங்கள் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். பஞ்சாங்கக்காரர் எவராவது இப்படி மாற்றிக்கொண்டதுண்டா?

நிற்க. 2018 மார்ச் 11ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்துபோனவர்களைத் தீ வளைத்து, இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நம் நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதன் வைப்பதே. வைத்தவனைக் கோள் காட்டாது. எரியும் இடத்தைக் காட்டும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் அந்த எச்சரிக்கையை வனத்துறைக்கு அனுப்புகிறது. பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்கும் கைப்பேசியில் வருகிறது. மலையடி ஊர்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? பொங்கலுக்கு வரி பிரிக்க வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.